அட்டவணை 56 நிமிடம் என்கிறது. நீங்கள் எத்தனை எழுத வேண்டும்?

கேள்வி இதுதான்: "போன மாதம் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தேன். அடுத்த மாதம் அந்தமானின் ஹேவ்லாக் தீவில் இரண்டு நாளில் நான்கு டைவ். 18 மீட்டர் ஆழத்துக்கு டைவ் அட்டவணையில் அதிகபட்சம் 56 நிமிடம் என்று போட்டிருக்கிறது. கூட வரும் நண்பன், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் கையில் இருக்கும்போது கணக்கு எதற்கு என்கிறான். இறங்குவதற்கு முன்னால் நானே நேரம் குறித்துக்கொள்ள வேண்டுமா? எப்படிக் குறிப்பது?"

குறிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த 56 உங்களுடைய எண் அல்ல. முதல் டைவில் நீங்கள் 56ஐத் தொடவே போவதில்லை, அதற்கு வெகு முன்பே காற்று தீர்ந்துவிடும். இரண்டாவது டைவில் அந்த எண்ணே செல்லாது. இந்த இரண்டும் புரிந்துவிட்டால் மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

முதலில் 56 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். கடல் மட்டத்தில் காற்று மண்டலத்தின் ஒரு பார் அழுத்தம் எப்போதும் நம்மேல் இருக்கிறது. கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஏறக்குறைய ஒரு பார் கூடும். அதனால் 18 மீட்டரில் 2.8 பார், 30 மீட்டரில் 4 பார். வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர் உங்களுக்குத் தரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும். அதில் 79 சதவீதம் நைட்ரஜன். உடம்பு ஆக்சிஜனைச் செலவழிக்கும். நைட்ரஜனை வைத்து ஒன்றும் செய்யாது, அது ரத்தத்திலும் சதையிலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிக்கொள்ளும். அளவுக்கு மேல் ஏறியிருந்தால், மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் அது உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும், அதுதான் டிகம்ப்ரஷன் நோய். அட்டவணையின் நிமிடங்கள் அதைத் தவிர்க்கத்தான்.

எவ்வளவு வேகத்தில் கரையும் என்பதுதான் விஷயமே. அவல், பச்சரிசி, கொண்டைக்கடலை மூன்றையும் ஒரே நேரத்தில் தண்ணீரில் போடுங்கள். அவல் ஐந்து நிமிடத்தில் ஊறிவிடும். அரிசிக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். கடலைக்கு ஒரு ராத்திரி. உடம்பிலும் அப்படித்தான். ரத்தம் நிறையப் பாயும் இடங்கள் அவல் மாதிரி. மூட்டு, கொழுப்பு எல்லாம் கடலை. ஆழமாகப் போய்ச் சட்டென்று திரும்பினால் அவலுக்குத்தான் ஆபத்து, ஆழம் குறைவாக ரொம்ப நேரம் இருந்தால் கடலைக்கு. அட்டவணையில் ஆழம் கூடக் கூட நிமிடம் மடமடவென்று குறைவது இதனால்தான். டைவிங் பயிற்சி அமைப்பான பி.ஏ.டி.ஐ.யின் அட்டவணையில் 12 மீட்டருக்கு 147 நிமிடம், 18க்கு 56, 25க்கு 29, 30க்கு 20, 40க்கு வெறும் 9.

இந்த யோசனையை முதலில் எண்ணாக மாற்றியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேன். 1908ல் பாய்காட், டாமன்ட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வுதான் இன்றைய எல்லா அட்டவணைக்கும் தாத்தா. ஆட்டை அழுத்த அறைக்குள் விட்டு, அழுத்தத்தை இறக்கிப் பார்த்தார்கள். மூட்டில் குமிழி வந்து வலித்தால் ஆடு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், சொல்லத் தெரியாவிட்டாலும் காட்டிவிடும். உடம்பை ஐந்து வகைத் திசுவாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பாதி நிரம்ப 5, 10, 20, 40, 75 நிமிடம் ஆகும் என்று வைத்துக் கணக்குப் போட்டார் ஹால்டேன். இன்று பல கம்ப்யூட்டர்களில் ஓடுவது சூரிச்சைச் சேர்ந்த ப்யூல்மான் செய்த கணக்கின் வகை. அதில் 16 திசு, மிக மெதுவானது பாதி நிரம்ப 635 நிமிடம். எண்கள் கூடியிருக்கின்றன, அடிப்படை அதே ஊறவைத்த கணக்குதான்.

இதில் ஒரு உண்மையை கோர்ஸில் பலர் அழுத்திச் சொல்வதில்லை. அதே 18 மீட்டருக்கு அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை 60 நிமிடம் கொடுத்தது. பொழுதுபோக்கு டைவர்களுக்காக 1988ல் வந்த பி.ஏ.டி.ஐ. அட்டவணை 56. கனடாவின் டி.சி.ஐ.இ.எம். ஆய்வு நிறுவனத்தின் அட்டவணை 50. கடல் ஒன்று, ஆழம் ஒன்று, எண் மூன்று. யாரும் தப்பாகப் போடவில்லை. 56வது நிமிடம் வரை பத்திரம், 57வதில் ஆபத்து என்று உடம்பில் கோடு எதுவும் கிடையாது. நேரம் கூடக் கூட வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, எங்கே நிறுத்துவது என்பது அட்டவணை போட்டவர்களின் முடிவு. கோட்டுக்குள் இருந்தும் டிகம்ப்ரஷன் நோய் வந்தவர்கள் உண்டு. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறப்புக்குப் பின் மூட வேண்டிய சின்னத் துளை ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு முழுசாக மூடியிருக்காது, பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய குமிழி அதன் வழியே தப்பிவிடலாம். ஆகவே 56ஐ வேக எல்லைப் பலகை மாதிரி பார்க்காதீர்கள். மொட்டைமாடியின் விளிம்பு மாதிரி பாருங்கள். அங்கே யாரும் விளிம்பை ஒட்டி நாற்காலி போடுவதில்லை.

அந்த நிமிடத்தை எப்படி எண்ணுவது என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. பாட்டம் டைம் என்றால் அடியில் இருந்த நேரம் என்று நினைக்கிறார்கள். அது அல்ல. மேற்பரப்பை விட்டு இறங்கத் தொடங்கிய நொடியிலிருந்து, நேராக மேலேறத் தொடங்கும் நொடி வரை. காது அடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி 5 மீட்டரில் நாலு நிமிடம் நின்றீர்களே, அதுவும் கணக்கில் வரும். ஆழமும் அப்படித்தான். ஒரு நிமிடமே 18.5 மீட்டருக்குப் போயிருந்தாலும் அட்டவணையில் 20 மீட்டர் வரிசைக்குத்தான் போக வேண்டும், அங்கே 56 இல்லை, 45. அரை மீட்டருக்குப் பதினொரு நிமிடம் போச்சு.

சரி, நைட்ரஜன் கணக்கு 56 என்றே வைத்துக்கொள்வோம். இப்போது காற்று.

நம் ஊர்ப் பக்கமும் அந்தமானிலும் பெரும்பாலும் கையில் கிடைப்பது 11 லிட்டர் அலுமினியம் சிலிண்டர். 200 பார் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. அமைதியாக மூச்சு விடும் ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பார் என்று வையுங்கள். 18 மீட்டரில் அது 2.8 மடங்கு, 56 லிட்டர். (இந்த 56க்கும் அந்த 56க்கும் சம்பந்தமில்லை, தற்செயல்.) 50 பார் மிச்சம் வைத்து 150 பார் செலவழிக்கலாம் என்றால் 1,650 லிட்டர், அதை 56ஆல் வகுத்தால் 29 நிமிடம். அட்டவணை தரும் நேரத்தில் பாதிதான். புதிதாக வந்தவர்கள் 20ல் நிற்பதில்லை, 25 லிட்டர் சாதாரணம். அப்போது 23 நிமிடம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த 50 பார் எதற்கு? "50 பாரில் மேலே வா" என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம், ஏன் 50 என்று கேட்பதில்லை. நான் போடும் கணக்கு இது. அடியில் இருக்கும்போது கூட வந்தவரின் காற்று நின்றுவிடுகிறது, இருவரும் என் சிலிண்டரிலிருந்து மூச்சு விட்டு மேலே வர வேண்டும். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. 18 மீட்டரில் நிலைமையைச் சரிசெய்ய ஒரு நிமிடம்: 60ஐ 2.8ஆல் பெருக்கினால் 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற ஒன்றரை நிமிடம், சராசரி அழுத்தம் 2.15: 194 லிட்டர். 5 மீட்டரில் நைட்ரஜன் வெளியேற மூன்று நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்: 270. அங்கிருந்து மேலே வர ஒரு நிமிடம்: 75. மொத்தம் 707 லிட்டர். 11ஆல் வகுத்தால் 64 பார். நான் 70 என்று வைத்துக்கொள்வேன். அதாவது 18 மீட்டரை விட்டுக் கிளம்பும்போதே 70 பார் கையில் இருக்க வேண்டும். இதே கணக்கை 30 மீட்டருக்குப் போட்டால் 1,080 லிட்டர், ஏறக்குறைய 100 பார் வருகிறது. 30 மீட்டரில் 50 பார் காட்டும்வரை சுற்றிக்கொண்டிருப்பவர் தனக்கு மட்டும்தான் காற்று வைத்திருக்கிறார், கூட வந்தவருக்கு வைக்கவில்லை.

ஆக, 200ல் 70 போக 130 பார், 1,430 லிட்டர், 20 லிட்டர் ஆளுக்கு 25 நிமிடம். இதுதான் உங்கள் முதல் டைவின் எண், அதுவும் முழு நேரமும் 18 மீட்டரிலேயே இருந்தால். நிஜத்தில் யாரும் அப்படி இருப்பதில்லை. பதினைந்து நிமிடம் அடியில் பார்த்துவிட்டு, பாறையை ஒட்டி 12, 10 என்று மெல்ல ஏறி வருவோம். ஆழம் குறையக் குறையக் காற்றும் நீளும், அதனால் மொத்தம் 40 நிமிடம் வரை போய்விடும். பல டைவ் கடைகள் "45 நிமிடம் அல்லது 50 பார், எது முதலில் வருகிறதோ அது" என்று படகில் சொல்வதற்கு இதுதான் காரணம். அந்த 45 படகின் கடிகாரம். மேலே இருப்பவர்கள் எப்போது கவலைப்பட ஆரம்பிக்க வேண்டும் என்பதற்கான நேரம் அது. உங்களிடம் காற்றும் நைட்ரஜன் நேரமும் மிச்சம் இருந்தாலும் அதை மீறாதீர்கள். நீரோட்டத்தில் ஆள் போய்விட்டார் என்று தேடத் தொடங்கிவிடுவார்கள்.

உங்கள் மூச்சுக் கணக்கு 20ஆ 25ஆ என்று தெரியாதே என்பீர்கள். முதல் டைவிலேயே கண்டுபிடித்துவிடலாம். 10 மீட்டர் ஆழத்தில் சீராகப் போகும்போது சிலிண்டரின் அழுத்தமானியைப் பாருங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 180லிருந்து 145க்கு இறங்கியிருந்தால் 35 பார், அதாவது 385 லிட்டர். பத்து நிமிடத்தால் வகுத்து, 10 மீட்டரின் அழுத்தமான 2ஆல் வகுத்தால் 19 லிட்டர். இதை லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த பத்து டைவில் அது குறைந்துகொண்டே வருவதைப் பார்ப்பது தனி சந்தோஷம்.

இப்போது இரண்டாவது டைவ். என் அனுபவத்தில் திட்டமிடல் என்ற பேச்சே உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது, ஆனால் பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். முதல் டைவ் முடிந்து படகில் சாய்ந்து, பிஸ்கட்டும் தேநீரும் ஆனதும் உடம்பு புதுசாகிவிட்ட மாதிரி இருக்கும். ஆகவில்லை. அவல் வடிந்துவிட்டது, அரிசியும் கடலையும் ஊறிய நிலையிலேயே இருக்கின்றன.

பாதி நிரம்ப 40 நிமிடம் எடுக்கும் ஒரே ஒரு திசுவை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன். இது புரிந்துகொள்வதற்குத்தான், இதை வைத்து டைவ் போடாதீர்கள். மேற்பரப்பில் அதில் இருக்கும் நைட்ரஜன் அழுத்தம் 0.79 பார். 18 மீட்டரில் நீங்கள் இழுக்கும் காற்றில் 2.21 பார். வித்தியாசம் 1.42. 40 நிமிடம் இருந்தால் அதில் பாதி, 0.71 ஏறிக்கொள்ளும். மேலே வந்து அரை மணி நேரம் மட்டும் இருந்துவிட்டு மறுபடி இறங்கினால், அதே அளவை எட்ட 20 நிமிடமே போதும். ஒரு மணி நேரம் இருந்தால் 29 நிமிடம். இரண்டு மணி நேரம் இருந்தால் 36. முழுசாக 40 திரும்பக் கிடைக்க அரை நாள் வேண்டாம், ஆனால் மத்தியானம் வரையாவது காத்திருக்க வேண்டும். மேற்பரப்பு இடைவெளியை அரை மணியிலிருந்து ஒரு மணியாக நீட்டினால் ஒன்பது நிமிடம் கிடைக்கிறது பாருங்கள். படகில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் போல மலிவான பாதுகாப்பு டைவிங்கில் வேறு இல்லை.

எனவே இரண்டாவது டைவுக்கு அட்டவணையின் 56ஐ எடுக்க முடியாது. முதல் டைவ் முடிந்ததும் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் மிச்சம் என்று காட்டும் எந்த எழுத்துக் குழுவில் நிற்கிறீர்கள், இடைவெளிக்குப் பின் எந்தக் குழுவுக்கு இறங்கினீர்கள், அந்தக் குழுவுக்கு அடுத்த ஆழத்தில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று அட்டவணையின் பின்பக்கத்தில் பார்க்க வேண்டும். கோர்ஸில் கற்றுக்கொடுத்திருப்பார்கள். மறந்திருந்தால் கிளம்பும் முன் ஒரு மாலை உட்கார்ந்து இரண்டு மூன்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் எனக்கென்று வைத்திருக்கும் எளிய வழக்கம்: ஆழமான டைவ் முதலில், இரண்டாவது அதைவிட நாலைந்து மீட்டராவது குறைவு, நடுவில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி. 14 மீட்டருக்கு முதல் டைவில் 98 நிமிடம் என்றால், இரண்டாவதில் எவ்வளவு கழித்தாலும் உங்கள் காற்றைவிட அதிகமாகவே நேரம் இருக்கும்.

இனி உங்கள் நண்பரின் கம்ப்யூட்டர். அவர் சொல்வதில் பாதி சரி. கம்ப்யூட்டர் ஆழத்தைச் சில நொடிக்கு ஒருமுறை பார்த்து ஒவ்வொரு திசுவையும் கணக்கிடுகிறது. நீங்கள் 12 மீட்டருக்கு ஏறிவிட்டால் அதற்கேற்ற நேரத்தைத் திருப்பித் தருகிறது. அட்டவணையால் அது முடியாது, முழு டைவும் 18லேயே இருந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளும். நானும் கம்ப்யூட்டர் இல்லாமல் இறங்குவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சொல்வது இந்த நொடியின் நிலைமை. என்ன திட்டத்தோடு வந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. இரவு சரியாகத் தூங்கவில்லை, காலையில் படகில் மூன்று முறை வாந்தி எடுத்தீர்கள், உடம்பில் தண்ணீர் இல்லை, நீரோட்டத்துக்கு எதிராகக் காலை அடித்து அடித்துக் களைத்திருக்கிறீர்கள் என்பதும் தெரியாது.

யார் கையில் இருக்கிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. இது என் சொந்தத் தவறு. சில வருடங்களுக்கு முன், ஒரே மாதிரி இரண்டு வாடகைக் கம்ப்யூட்டர்கள் படகில் கழற்றி வைத்திருந்தன. முதல் டைவில் நான் 28 மீட்டர் போய் வந்தவன், இன்னொருவர் பயிற்சிக்காக 10 மீட்டரிலேயே இருந்தவர். இரண்டாவது டைவுக்கு நான் மாற்றிக் கட்டிக்கொண்டேன். 16 மீட்டரில் திரையைப் பார்த்தால் ஏகப்பட்ட நிமிடம் காட்டுகிறது. சந்தோஷப்பட்டிருப்பேன். ஆனால் தண்ணீருக்குள் கொண்டுபோகும் ஸ்லேட்டில் இறங்கும் முன் எழுதிய எண் அதில் பாதிகூட இல்லை. அப்போதுதான் பட்டையின் நிறத்தைப் பார்த்தேன். உடனே ஏறி, நீளமாக ஒரு ஸ்டாப் போட்டு, அன்றைய டைவை முடித்துக்கொண்டேன். என் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டவருக்கு ஆபத்தில்லை, அவருக்குத் தேவைக்கு மேல் கண்டிப்பான எண் போயிருக்கிறது. ஆபத்து முழுக்க எனக்கு. ஸ்லேட்டில் எழுதாமல் போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அதனால் முதல் டைவிலிருந்து கடைசி டைவ் வரை ஒரு ஆளுக்கு ஒரே கம்ப்யூட்டர், வாடகை என்றால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரில் யாருடையது குறைந்த நேரம் காட்டுகிறதோ அதுவே இருவருக்கும். நடுவில் திரை அணைந்துவிட்டால் மெல்ல ஏறி ஸ்டாப் போட்டு மேலே வந்துவிட வேண்டும், வேறொன்றை மாற்றிக் கட்டிக்கொண்டு அன்று மறுபடி இறங்கக் கூடாது. இன்னொன்று: ஏறக்குறைய எல்லாக் கம்ப்யூட்டரிலும் 'பிளான்' என்று ஒரு திரை உண்டு. படகில் உட்கார்ந்தபடியே 12, 15, 18 மீட்டருக்கு இப்போது எத்தனை நிமிடம் மிச்சம் என்று வரிசையாகக் காட்டும். இரண்டாவது டைவுக்கு முன் அதைப் பார்த்து ஸ்லேட்டில் எழுதினால் அட்டவணையின் எழுத்துக் குழு வேலையை அதுவே செய்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் நண்பர் கணக்குப் போட மறுத்தால் இதையாவது செய்யச் சொல்லுங்கள்.

ஏறும் வேகம் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் எண்ணிய நிமிடங்கள் எல்லாம் மெல்ல ஏறுவீர்கள் என்ற நம்பிக்கையில் போட்டவை. கோலி சோடாவைச் சட்டென்று குத்தித் திறந்தால் பொங்குகிற அதே கதை. நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாதீர்கள், கடைசி 5 மீட்டரை அதைவிட மெதுவாக. அழுத்த மாற்றம் விகிதத்தில் மிக அதிகமாக இருப்பது அங்கேதான். சேஃப்டி ஸ்டாப் மூன்று நிமிடம் என்பதைக் காற்று இருந்தால் ஐந்தாக்குங்கள். தப்பித்தவறி நேரத்தை மீறிவிட்டால் பி.ஏ.டி.ஐ. அட்டவணையின் விதி இது: ஐந்து நிமிடத்துக்குள் மீறியிருந்தால் 5 மீட்டரில் 8 நிமிடம் நின்று, அடுத்த 6 மணி நேரம் இறங்கக் கூடாது. அதற்கு மேல் மீறியிருந்தால், காற்று இருக்கும்வரை குறைந்தது 15 நிமிடம் நின்று, 24 மணி நேரம் இறங்கக் கூடாது.

ஆக்சிஜன் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் எடுத்தால் நேரம் கூடுமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். கூடும். 32 சதவீத ஆக்சிஜன் கலவையில் 30 மீட்டர் என்பது நைட்ரஜன் கணக்கில் காற்றின் 24.4 மீட்டருக்குச் சமம், 25 மீட்டர் வரிசைப்படி 20 நிமிடம் 29 ஆகிறது. ஆனால் உங்கள் 18 மீட்டரில் முதலில் தீர்வது காற்று. காற்றுக்குப் பதில் நைட்ராக்ஸ் நிரப்பினாலும் சிலிண்டர் அதே 11 லிட்டர்தான். இப்போதைக்குக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கிழக்கு இலங்கைக்குப் போய் ஹெர்மீஸ் பார்க்க வேண்டும் என்று புது டைவர்கள் ஆசைப்படுவதையும் கேட்கிறேன். மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். கிடப்பது 53 மீட்டர் ஆழத்தில். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை அந்த ஆழத்துக்குக் கொடுத்தது 5 நிமிடம், இறங்கும் நேரமும் சேர்த்து. நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் பாதி நேரம் கயிற்றிலேயே போய்விடும். அங்கே இறங்குகிறவர்கள் பல கட்ட ஸ்டாப்களையும் அதற்கான காற்றையும் திட்டமிட்டு இறங்குகிறவர்கள். அது வேறு படிப்பு, வேறு கருவி.

கடல் தெரிந்தவனுக்குக் கணக்கு எதற்கு என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டி மூச்சை அடக்கி இறங்கினார்கள், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அந்த நேரத்தில் நைட்ரஜன் பெரிதாக ஏறாது. இன்று இலங்கையின் வடக்கில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களும் கடலைக் கரைத்துக் குடித்தவர்கள்தான். ஆனால் ஒரே நாளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சிலிண்டர், நடுவில் இடைவெளி கிடையாது, நேரக் கணக்கு கிடையாது. காலும் இடுப்பும் மரத்து எழ முடியாமல் போனவர்கள் அவர்களில் உண்டு. திறமை நைட்ரஜனைக் குறைக்காது.

திட்டம் கடலோடு முடியவும் இல்லை. டைவர்களின் பாதுகாப்புக்கான டி.ஏ.என். அமைப்பின் பரிந்துரைப்படி, ஒரே ஒரு டைவ் என்றால் விமானம் ஏற 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு நான்கு டைவ், ஆக 18. போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் காலை எட்டு மணி விமானம் என்றால், முந்தைய நாள் மத்தியானம் இரண்டு மணிக்குள் தண்ணீரை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். நான் 24 மணி நேரம் விடுவேன். கடைசி நாளை ஹேவ்லாக் கடற்கரையில் சும்மா நடப்பதற்கு வைத்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

விமானத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். மலையை மறந்துவிடுகிறார்கள். விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100க்கு மேல். தூத்துக்குடியில் காலையில் இரண்டு டைவ் போட்டுவிட்டு மாலையில் கொடைக்கானல் ஏறினால் உடம்புக்கு அது விமானம் ஏறியதற்குச் சமம். திருகோணமலையில் இறங்கிவிட்டு அதே நாள் நுவரெலியா போவதும் அப்படித்தான், அது 1,868 மீட்டர். அந்தப் பரிந்துரை 600 மீட்டரைத் தாண்டிய எந்த உயரத்துக்கும் பொருந்தும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். வார இறுதியில் புதுச்சேரியில் இரண்டு டைவ் போட்டுவிட்டு ஞாயிறு மாலையே ஓசூர் வழியாகக் காரில் ஏறும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் ஆபத்து குறைவுதான், இருந்தாலும் ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள் என்றே சொல்வேன்.

மேலே வந்தபின் மூட்டு வலி, தோலில் திட்டு, கை கால் மரத்துப்போதல், காரணமில்லாத பெருங்களைப்பு என்று எது வந்தாலும் "கனமான சிலிண்டரைத் தூக்கினேன், அதனால்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். டைவ் மாஸ்டரிடம் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள். பெரும்பாலான அறிகுறிகள் முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஆக்சிஜன் பெட்டி படகில் இருக்கிறதா, அருகில் அழுத்த அறை எங்கே என்று டைவ் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கேள்விக்கு முகம் சுளிக்கிற கடை என்றால் வேறு கடை பாருங்கள்.

உங்கள் முதல் நாளுக்கு நான் ஸ்லேட்டில் எழுதச் சொல்வது இவ்வளவுதான். டைவ் ஒன்று: அதிகபட்ச ஆழம் 18, அந்த ஆழத்தில் 15 நிமிடம், சிலிண்டரில் 130 பார் மிச்சமிருக்கும்போது திரும்புதல், 70 பாரில் ஏறத் தொடங்குதல், மொத்தம் 40. மேலே ஒரு மணி நேரம், தண்ணீர் குடித்தபடி. டைவ் இரண்டு: ஆழம் 14, நேரத்துக்கு இடம் காலியாக விட்டுவிடுங்கள். அதைப் படகில், கம்ப்யூட்டரின் பிளான் திரையைப் பார்த்து, உங்கள் நண்பர் கையால் எழுதட்டும்.